மூன்று ஞாயிறு வராதவர்கள்

கழியர் என்றொரு குடி உண்மையில் எங்கும் இருந்ததில்லை. நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து உண்டாக்கியது அது. பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு படித்தபோது, பினாங்குத் தீவின் கெலுகோரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் முன்னறையில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் உட்கார்ந்து வாயாலேயே ஆடிய விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மழை வருகிறது, தெற்கிலிருந்து பகைவர் வருகிறார்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பார். மற்ற ஒன்பது பேரும் எங்கள் எங்கள் ஆட்களுக்காகப் பதில் சொல்வோம். இழுபறியான இடத்தில் பகடை உருட்டுவோம்.

கழியர் வாழ்ந்த உலகத்தில் கடலுக்கு மேல் இரண்டு நிலவுகள். அதனால் நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பது மற்ற குடிகளுக்குப் புரியாது. கழியருக்கு மட்டும் புரியும். அவர்கள் சேற்றுக்கழிகளில் கால்நட்டு வீடு கட்டினார்கள், உப்பு விளைவித்தார்கள், யாரையும் எதிர்த்துப் போருக்குப் போகவில்லை. ஆளுக்கு இருபது பேர் என்று மொத்தம் நூற்றெண்பது பேருடன் தொடங்கினோம். ஒவ்வொருவருக்கும் வயது, தொழில், உறவு, அச்சம் என்று நான்கு விவரங்கள். அட்டவணை போட்டது நான். யாரும் என்னைப் போடச் சொல்லவில்லை. ஆனால் ஒன்பது பேரும் ஒன்பது தாளில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

கழியருக்கு ஒரு வழக்கம் இருந்தது, தலையெண்ணிக்கை. ஒவ்வொரு நாளும் நீர் வற்றியதும் கூடி நின்று, ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். ஆகவே நாங்களும் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் தொடங்கினோம். ஒருவர் தன் ஆட்களின் பெயர்களைப் படிப்பார், மற்றவர்கள் "இருக்கார்" என்போம். தொடக்கத்தில் இதற்கே அரை மணி நேரம் போகும். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஒருமுறை கதவைத் தட்டி, இது என்ன பூசை என்று கேட்டார்.

படிப்பு முடிந்தது. ஆட்கள் குறைந்தார்கள். நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளராகச் சேர்ந்தேன். அங்கே ஒரு மின்சுற்றுப் போர்டு மூன்று முறை சோதனையில் தோற்றால் கழிவுப் பெட்டிக்குப் போகும். விவாதம் கிடையாது. விளையாட்டிலும் வராதவர்களின் ஆட்களை என்ன செய்வது என்று தெரியாமல் கதை நின்று நின்று போனபோது, அந்த விதியைக் கொண்டுவந்தது நான்தான். தொடர்ந்து மூன்று ஞாயிறு தலையெண்ணிக்கையில் யாருடைய ஆட்கள் கூப்பிடப்படவில்லையோ, அவர்கள் இறந்தவர்கள். எப்படி இறந்தார்கள் என்பதை நான் ஒரு பக்கம் எழுதி வரலாற்றில் சேர்ப்பேன். விதிக்கு ஒரு விலக்குப் பட்டியலும் வைத்தேன்: தீபாவளி, கிறிஸ்துமஸ், தைப்பூசத்தை ஒட்டிய ஞாயிறு, தேர்வு வாரம். எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாக நினைத்தேன்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவனின் பதினெட்டுப் பேர் கொள்ளைநோயில் போனார்கள். கல்யாணமாகிக் கோலாலம்பூர் போனவளின் ஆட்கள் உப்புக் கிடங்கில் பிடித்த தீயில். சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய ஒருவனின் ஆட்களைப் பாம்புகளுக்குக் கொடுத்தேன். அதில் கொஞ்சம் பழிவாங்கல் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். பிறகு எழுத எழுதச் சலித்துப்போனது. புதிதாகச் சாவுகள் தோன்றவில்லை. பெரும்பாலும் வெள்ளம் என்றே எழுதினேன்.

கடைசியில் ஆடுபவர்கள் இரண்டு பேர் மிஞ்சினோம், நானும் அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து ஃபெரி பிடித்து வரும் என் தோழியும். அவள் பாலர்பள்ளி ஆசிரியை. கதையை நடத்துபவர் எங்களுக்கு ஓராண்டு மூத்தவர், இருவரும் அண்ணே என்போம். பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறார். வீடு அவருடையதுதான். குடியில் மிச்சம் இருபது பேர். அவளிடம் பதினான்கு, என்னிடம் ஆறு.

அவளுடைய பதினான்கு பேரில் ஓடக்காரர் ஒருவர் உண்டு. அவளுடைய அப்பா துறைமுகத்தில் தொங்காங் என்னும் பாரப் படகில் சரக்கு ஏற்றி இறக்கியவர். அவரைப் பார்த்து உண்டாக்கிய ஆள் அந்த ஓடக்காரர். அப்பாவுக்கும் அது தெரியும். ஞாயிறு மாலை அவள் வீட்டுக்குப் போனதும் "என் ஆளு இன்னைக்கு என்ன பண்ணான்?" என்று கேட்பாராம். ஓடம் ஓட்டுவதைத் தவிர ஓடக்காரர் எதுவும் செய்யாத வாரங்களில் இவளே எதையாவது கட்டிச் சொல்வாள்.

இந்த ஆண்டு அவள் ஒரு ஞாயிறு வரவில்லை. 'இந்த வாரம் முடியாது' என்று மட்டும் செய்தி வந்தது. அடுத்த ஞாயிறு செய்தியும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறும் நானும் அண்ணனும் மட்டும் உட்கார்ந்து, என் ஆறு பேரைப் படித்து, "இருக்கார்" என்று அவர் ஒருவரே ஆறு முறை சொல்லி முடித்தோம். எனக்கு அப்போது தொழிற்சாலையில் தணிக்கை வாரம். கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடாக இருந்தது.

"ஒரு கால் போட்டுக் கேட்டுப் பாரேன்," என்றார் அண்ணன்.

"ரூல் ரூல்தான் அண்ணே. சிங்கப்பூர்காரனுக்கு நான் கால் பண்ணேனா?"

"அவன் பில் கட்டாம போன் நம்பரே மாத்திட்டான் லா. அதுவும் இதுவும் ஒண்ணா?"

அங்கேயே உட்கார்ந்து பதினான்கு வரிகளிலும் 'இறந்தவர்' என்று மாற்றினேன். ஒரு பக்கம் எழுதினேன். இரண்டு நிலவுகளும் ஒன்றாக நின்ற நாளில் கழியின் வாயில் கட்டியிருந்த ஓடத்தில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், நீர் வந்தது. பதினைந்து நிமிட வேலை. ஆடுபவர்கள் எல்லோரும் பார்க்கும் பொதுக்கோப்பில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் கேன்டீனில் இருந்தபோது அவள் போனில் கூப்பிட்டாள்.

"எழுதினத படிச்சேன்."

"எங்க இருக்க?"

"ஆஸ்பத்திரி. அப்பாவுக்குக் கால் விரல் ரெண்ட எடுத்துட்டாங்க. இனிப்புநீர் வியாதி."

"எனக்குத் தெரியாதுடி."

"நீ கேக்கல."

சுற்றிலும் தட்டுகளின் சத்தம். நான் எழுந்து வெளியே, வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தேன்.

"பதிமூணு பேர விடு," என்றாள். "ஓடக்காரரு? தினம் கேக்குறாரு. ஊசி போட வர்ற மிஸ்ஸிகிட்டகூடச் சொல்றாரு, எனக்கு ஒரு ஆளு இருக்கான், அவனுக்குக் காலெல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு. இப்ப நான் அவருகிட்ட என்ன சொல்றது?"

"நான் மாத்திடறேன்."

"எப்படி மாத்துவ? உப்புக் கிடங்குக்காரி அழுதுகிட்டே கேட்டா, ஒரே ஒரு குழந்தைய மட்டும் விட்டுடுன்னு. ரெக்கார்ட மாத்த முடியாதுன்ன. நான் பக்கத்துலதான் உட்காந்திருந்தேன்."

அவள் கோபமாகப் பேசவில்லை என்பதுதான் சங்கடமாக இருந்தது. இரண்டு வாரம் நாற்காலியில் தூங்கியவளின் குரல் அது.

சனிக்கிழமை அவள் அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்து ஃபெரியில் அக்கரைக்குப் போனேன். போகும்போது கைப்பேசியில் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஓடம் கவிழவில்லை. கவிழ்ந்தது, ஆனால் நீந்தினார்கள். இறந்தது வேறொரு ஓடக்காரர். மூன்றும் பொய்யாகத் தெரிந்தன. குடியே கற்பனை, அதில் எது பொய், எது மெய் என்று எனக்கே சிரிப்பு வந்தது. இருந்தாலும் மூன்றையும் அழித்தேன்.

கேட்டைத் திறந்தவள், "இன்னும் சொல்லல. நீயே சொல்லு. எழுதினவ நீதானே," என்றாள்.

அவர் கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூல்மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் வாங்கிப் போன ஆரஞ்சுப் பழங்களைப் பார்த்துவிட்டு, இதையும் தின்னக் கூடாதாம் என்றார். பிறகு கேட்டே விட்டார்.

"என் ஆளு எங்கம்மா? இவ வாயத் தொறக்க மாட்டேங்குறா."

"அங்கிள், அவரு முங்கிட்டாரு."

அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் காலைப் பார்த்தார்.

"எழுதி வெச்சிருக்கியா? படி."

படித்தேன். பதினைந்து நிமிடத்தில் எழுதியது என்பது படிக்கும்போது எனக்கே கேட்டது. பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரெண்டு நெலாவும் ஒண்ணா நிக்கிற நாளுங்கிற. அன்னைக்குத் தண்ணி அடியோட வத்தி, அப்புறம் குதிர மாதிரி வரும். அன்னைக்குப் போயி வாய்க்கா மொனையில ஓடத்தக் கட்டிட்டு எவனாச்சும் தூங்குவானா? நேத்து வேலைக்கு வந்த பையன்கூடச் செய்யமாட்டான்."

"தப்புத்தான் அங்கிள்."

"சாவட்டும். வயசாச்சு. ஆனா முட்டாளா சாவக் கூடாது பாரு." பிறகு, "எதுக்குச் செத்தான்? என்ன பண்ணான்?"

விதியைச் சொன்னேன். மூன்று ஞாயிறு, தலையெண்ணிக்கை, விலக்குப் பட்டியல், எல்லாம். தொழிற்சாலையில் ஒரு குறையை விளக்குவதுபோல வரிசையாகச் சொன்னேன்.

"நீ வேலைக்கு மூணு நாளு சொல்லாம போகலன்னா என்ன ஆவும்?"

"வேலை போயிடும் அங்கிள்."

"வேலதானே போவும்?"

சமையலறையில் கெத்தலில் தண்ணீர் கொதித்து அணைந்தது. அவள் உள்ளே போனாள், நெடுநேரம் வரவில்லை. பால் சேர்க்காத தேநீர், தே ஓ, வந்தபோது அவருக்குச் சர்க்கரை இல்லாமலும் எனக்குச் சர்க்கரையோடும் இருந்தது. அவள் என்னைப் பார்க்காமலே வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் அண்ணன் வீட்டில் அட்டவணையைத் திறந்தேன். ஓடக்காரரை மட்டும் உயிர்ப்பித்தால் உப்புக் கிடங்குக் குழந்தைக்கு என்ன நியாயம் என்று நினைத்தேன். விதியால் இறந்தவர்கள் நூற்றிருபது பேருக்கு மேல். ஒவ்வொரு வரியாக, 'இறந்தவர்' என்பதை 'வராதவர்' என்று மாற்றினேன். ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றியிருக்கலாம். ஆனால் கதையிலேயே, பகடை விழுந்து, எங்கள் கண்முன் இறந்தவர்களும் நடுவில் இருந்தார்கள். அவர்களைத் தொட எனக்கு உரிமையில்லை. அதனால் ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது. முதுகு வலித்தது.

அண்ணன் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார். "என்னது, எல்லாரும் எழுந்து வந்துட்டாங்களா?"

"வரல. வரலன்னுதான் போட்டிருக்கேன்."

"நீ எழுதின சாவெல்லாம்?"

"பக்கத்துக் குடிக்காரங்க கெளப்பிவிட்ட வதந்தி."

"பாம்பு?"

"பாம்பும்தான் அண்ணே."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. விதியை எடுத்துவிட்டேன் என்றும், என்ன மாற்றினேன் என்றும் பொதுக்கோப்பின் மேலே இரண்டு வரி எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லை எழுதிப் பார்த்தேன். அந்த இடத்தில் அது அறிவிப்பு மாதிரி இருந்தது. அதைத் தனியாக அவளுக்கு அனுப்பினேன்.

அவள் பதில் போடவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்கடுத்த வியாழன் மாலை, வேலை முடிந்து பேருந்துக்கு நின்றிருந்தபோது செய்தி வந்தது.

'அப்பா கேக்குறாரு. வரலன்னா எங்க போயிருக்கான்னு.'

'இன்னும் தெரியல. தேடப் போறோம்னு சொல்லு.'

'யாரு தேடுறா?'

என் ஆறு பேரை நினைத்துப் பார்த்தேன். 'ரெண்டு பேருக்கு நடக்க முடியாது. ஒண்ணு கைக்குழந்த. மிச்சம் மூணு பேர் போவாங்க.'

'தண்ணிய பாத்துப் போகத் தெரியுமா அவங்களுக்கு?'

'தெரியாது. உப்பு வெளைய வெச்சவங்க, ஓடம் ஓட்டினதில்ல.'

பேருந்து வந்து, ஏறி, இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் அடுத்தது வந்தது.

'அப்பா சொல்றாரு, வத்தும்போது கெளம்பக் கூடாதாம். தண்ணி ஏற ஆரம்பிச்சதும் ஓடத்தத் தள்ளிவிடணுமாம். எழுதிக்க.'

எழுதிக்கொண்டேன்.