பெயிண்டர் போட்ட வெயில்

எந்த வீட்டுக்குப் போனாலும் பெயிண்டர் முதலில் சுவரைத்தான் விசாரிப்பார். கன்னத்தைச் சுவரோடு ஒட்டி, ஒரு கண்ணை மூடி, டார்ச்சைச் சாய்வாக அடிப்பார். எங்கேயாவது பொட்டளவு நிழல் விழுந்ததோ, போச்சு! "பட்டி சரியா இழுக்கல, இங்க மேடு இருக்கு" என்று உப்புத்தாளைக் கையில் எடுத்துவிடுவார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பளிச்'. அது பாராட்டா கிண்டலா என்று அவர் இதுவரை யாரையும் கேட்டதில்லை.

அதே கன்னத்தை இப்போது லேப்டாப் திரையோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால் சிரிக்கக் கூடாது. சிரித்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டார், பாவம். அவர் கவலை அவருக்கு.

அவருடைய வீட்டுக்காரம்மா தங்கள் வீட்டு மாடிப்படியில் தவறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இனிமேல் படி ஏறவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். படுக்கையறையோ மாடியில். கீழே இருப்பது பெயிண்ட் டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கும் ஒரே ஓர் அறை. "அந்தக் குடோனுக்குள்ள என்னையும் ஒரு டப்பாவா அடுக்கிடாதீங்க" என்று கும்பிடு போட்டுவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தங்கை வீட்டுக்குப் போய்விட்டார் அம்மாள். அங்கே அவருக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் இவருக்குத்தான். "வீட்டுக்குள்ள நுழைஞ்சா என் காலடிச் சத்தம்தான் எனக்கே கேக்குது. என்ன பொழப்பு இது?" என்பார், கேட்காதவர்களிடமும்.

அந்தக் குடோனையே படுக்கையறையாக எப்படி மாற்றப்போகிறார் என்று வாயால் சொல்லிப் பார்த்தார். அம்மாள் நம்பவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகள்தான் தன் பழைய லேப்டாப்பை அனுப்பி, ஓர் அறையை அசல் போட்டோ போலவே உண்டாக்கிக் காட்டும் மென்பொருளையும் போட்டுக் கொடுத்தாள். பிரஷ் பிடித்துப் பழகிய கைக்கு மௌஸ் சட்டென்று வசப்படுமா? ஜன்னல் வைக்கப்போய்க் கதவைத் தொலைத்தார். கட்டிலைத் தூக்கிக் கூரையில் ஒட்டினார். எப்படியோ அறை என்று ஒன்று வந்துவிட்டது.

அடுத்து வெளிச்சம். அங்கேதான் மனிதர் சறுக்கினார். மேலே ஒரு விளக்குப் போட்டதும் கட்டிலுக்கடியில் நிழல் விழுந்தது. கை சும்மா இருக்குமா? அதை அழிக்க இன்னொரு விளக்கு. அது சுவரில் ஒரு நிழலைத் தள்ள, அதற்கொரு விளக்கு. மூலைக்கு மூலை விளக்கு நட்டும் மனசு ஆறாமல், நிழலே விழாமல் செய்கிற பொத்தானையும் தேடிப்பிடித்துத் தட்டிவிட்டார். அறை பளிச்! லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு மச்சினி வீட்டுக்கு ஓடினார்.

அம்மாள் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"ஏங்க, இது நான் படுத்திருந்த ஆஸ்பத்திரி ரூம் மாதிரியே இருக்கு. கட்டில் வேற அந்தரத்துல நிக்குது. இதுல படுத்தா மிதந்துகிட்டே போயிருவேன் போல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்கப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெயிண்டருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மகளிடம் போனில் புலம்பினார். "அப்பா, முதல்ல எல்லா விளக்கையும் அணைச்சிடுங்க. ஜன்னலுக்கு வெளியே ஒரு சூரியனை மட்டும் வையுங்க. நிழலைத் திரும்பப் போடுங்க, அது இல்லாம எதுவும் தரையில உக்காராது" என்றாள் அவள்.

"நிழலையா? நானா?" என்று பதறினார், ஏதோ திருடச் சொன்னதுபோல.

மறுநாள் காலை, காலி செய்துவிட்ட அந்த அறையில் ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அங்கே அவர் உட்கார்ந்ததே இல்லை. வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் சாய்ந்து விழுந்தது. அதை ஒட்டிய சுவர் லேசாக மஞ்சள் பூத்தது. எதிர்ச்சுவர் சாம்பல் தட்டியிருந்தது. எல்லாம் ஒரே டப்பா வெள்ளை, அவர் கையால் அடித்தது. "கலர் ஒண்ணுதாம்மா, வெளிச்சம்தான் வேற" என்று எத்தனை வீட்டில் வாய் வலிக்கச் சொல்லியிருப்பார்! சொந்த வீடு என்று வந்ததும் புத்தி எங்கே போச்சு என்று தலையில் தட்டிக்கொண்டார்.

அப்புறம் அறைக்கும் லேப்டாப்புக்குமாக நடைதான். சூரியனைக் கொஞ்சம் தாழ்த்தினார். நிழல் கத்தியால் வெட்டினாற்போல் விழுந்தது. சூரியனைச் சற்றுப் பெரிதாக்கியதும் ஓரம் மெத்தென்று ஆனது. மூலைகள் இருண்டுபோகவே, வானத்து வெளிச்சத்துக்காக ஜன்னல் அளவுக்கே ஒரு மங்கலான விளக்கை ஜன்னலிலேயே வைத்தார். கட்டில் கால் தரையைத் தொடும் இடத்தில் கறுப்பாக ஒரு கோடு வந்தது. அழிக்கக் கை துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டார். கட்டில் தரையில் உட்கார்ந்தது. லேப்டாப் மூச்சிரைக்கப் படத்தை முடிக்கும்வரை, பிரசவ அறை வாசலில் நிற்கிறவர்போல உலாத்தினார்.

மறுபடியும் மச்சினி வீடு. அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"காலையில நெசமாவே இப்படியா வெயில் வரும்?"

"கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல. உக்காந்து பார்த்துட்டுத்தான் போட்டேன்."

"தலைமாடு எந்தப் பக்கம்?"

"ஜன்னல் பக்கம். வெயில் மூஞ்சில அடிக்காது. கால்லதான் விழும்."

அம்மாளின் விரல் படத்திலிருந்த கட்டிலின் மேல் போய் நின்றது. ஒற்றைக் கட்டில். அம்மாள் நடந்து பழகத் தாராளமாக இடம் வேண்டுமே என்று பார்த்துப் பார்த்து வைத்தது.

"அப்போ நீங்க எங்க படுப்பீங்க?"

"நான் மேலதான். எப்பவும்போல."

"அப்படின்னா நான் இங்கேயே இருந்துக்கறேன்."

பெயிண்டர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மௌஸை எடுத்தார். கட்டிலின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்து அகலமாக்கினார். பிறகு இன்னொரு தலையணையைத் தேடி எடுத்து, அம்மாளுடையதற்குப் பக்கத்தில் வைத்தார்.