இடது பின்பக்க ஸ்பீக்கர்

விளையாட்டில் நான் சாவது எப்போதும் ஒரே மாதிரிதான். இடிந்த கட்டடம் ஒன்றுக்குள் பதுங்கிப் பதுங்கிப் போய்க்கொண்டிருப்பேன். காலடிச் சத்தம் கேட்கும். சட்டென்று வலது பக்கம் திரும்பிச் சுடுவேன். அங்கே வெறும் சுவர் இருக்கும். இடது பக்கமிருந்து வந்தவன் நிதானமாக என்னைச் சுட்டுவிட்டுப் போவான். இணையத்தில் என்னோடு சேர்ந்து விளையாடுகிறவர்கள், ஈப்போவில் ஒரு தம்பி, கிள்ளானில் ஒரு கணவன் மனைவி, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள்.

"அக்கா, லெஃப்ட்டு! லெஃப்ட்டுன்னு சொல்றோம்லா! காது கேக்கலயா?"

நானும் சேர்ந்து சிரிப்பேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்ததில்லை. நாற்பதைத் தொடப்போகிற ஒரு பெண், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறவள், வீட்டுக்கு வந்து சோற்றுப் பானையை அடுப்பில் வைத்துவிட்டுத் துப்பாக்கி தூக்குகிறாள் என்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. விடுமுறையில் என்ன செய்தாய் என்று கேட்டால் துணி துவைத்தேன், கோயிலுக்குப் போனேன் என்பேன். தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் கணவர்; அவருக்குப் பந்து விளையாட்டுப் பார்க்கத் தொலைக்காட்சி கிடைத்தால் போதும். இன்னொருத்தி என் தங்கை.

நல்ல ஸ்பீக்கர் செட் வாங்கினால் இந்தக் கதை தீரும் என்று சொன்னது கிள்ளான்காரர்தான். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, தரையில் ஒரு பாஸ் பெட்டி. எதிரி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் காலடி அந்தப் பக்கத்திலேயே கேட்கும் என்றார். ஹெட்செட் போட்டுக்கொண்டாலே போதுமே என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் ஹெட்செட்டுக்கும் ராசியில்லை. வாங்கியது எதிலும் முதல் நாளிலிருந்தே இடது பக்கம் வேலை செய்யாது. மலிவுச் சரக்கு என்று திட்டிக்கொண்டே தூக்கிப்போடுவேன். அந்த இடது பக்கத்தைக் கழற்றி ஒரு முறை வலது காதில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. இதை எழுதும்போது காது மடல் சுடுகிறது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்பீக்கர் பெட்டிகள் ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தன. கணவருக்கு அன்று வேலை. தங்கையைக் கூப்பிட்டேன். அவள் ஜெலுத்தோங்கில் இருக்கிறாள். லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். இந்த மாதிரி வேலைகள் அவளுக்குப் பிடிக்கும். வரும்போதே வாழைக்காய்ப் பஜ்ஜி வாங்கி வந்தாள். நான் சோபாவைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். அவள் தரையில் உட்கார்ந்து வயர்களின் நுனியைப் பல்லால் சீவி, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று சொருகினாள். பின்பக்க ஸ்பீக்கர்களுக்கான வயரைக் கம்பளத்துக்கு அடியில் விட்டாள். வயர் தெரியக்கூடாது என்று நான் சொன்னதற்காக அலமாரியையே இழுத்து அதன் பின்னால் புகுந்தாள். தும்மல் மேல் தும்மல். எனக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

எல்லாம் மாட்டி முடித்ததும் ஒலியைச் சோதிக்க ஒரு பொத்தானை அழுத்தினாள். உஸ்ஸ் என்று மழைச் சத்தம் போல ஒரு சத்தம், ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வர வேண்டும். நான் சோபாவின் நடுவில் அரசி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாமே ரைட்டுலேர்ந்துதான் வருது," என்றேன்.

"இல்லக்கா, இப்ப லெஃப்ட்டு பின்னால ஓடுது."

"எங்க ஓடுது? வயர மாத்திக் குத்திட்ட போல."

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் சத்தம். எனக்கு மறுபடியும் வலது பக்கம். கழற்றி மாட்டினாள். வலது பக்கம். கடைசியில் அவளே வந்து என் இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டாள்.

"எனக்கு நல்லாத்தான் சுத்தி வருதுக்கா."

"நல்லா வருதுன்னா எனக்கு ஏன் வரல? நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"பொய்யின்னு நான் சொல்லலயே."

"சின்னப் புள்ளையிலேர்ந்து நீ இப்படித்தான். எதையும் உருப்படியா முடிக்க மாட்ட. எல்லாம் அரைகுறை."

இப்படிச் சொல்லும் அளவுக்கு அங்கே ஒன்றும் நடந்திருக்கவில்லை. அவள் தலைமுடியில் அலமாரிக்குப் பின்னாலிருந்த ஒட்டடை இன்னும் இருந்தது. ஒவ்வொரு வயராகக் கழற்றத் தொடங்கினாள். "கடைக்கே கொண்டுபோய்க் கேட்போம்," என்று மட்டும் சொன்னாள்.

கடை டவுனில், ஒரு பேரங்காடியின் மாடியில் இருந்தது. கடைக்காரர் ஐம்பது வயதுச் சீனர். நான் மலாயில் படபடவென்று பேசினேன். பழுதான பொருளை விற்றிருக்கிறீர்கள், பெட்டியைத் திறந்த அன்றே வேலை செய்யவில்லை, மாற்றித் தராவிட்டால் புகார் கொடுப்பேன் என்றெல்லாம். அவர் கோபப்படவில்லை. கண்ணாடித் தடுப்பு போட்ட அறையில், நாங்கள் கொண்டுவந்த அதே செட்டை மாட்டி, நடு நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் வரும் பக்கத்தைக் கையால் காட்டுங்கள் என்றார்.

நான் காட்டினேன். மறுபடியும் காட்டினேன். ஒவ்வொரு முறையும் உறுதியாகக் கையை நீட்டினேன்; சந்தேகமே இல்லாமல் காட்டினேன். அறைக்கு வெளியே யாரோ ஒரு பெண் பிள்ளை கிளுக்கென்று சிரித்தது. உடனே அதன் தாய் "ஷ்ஷ்" என்று அடக்கியதும் கேட்டது. அந்தச் சிரிப்பு என்னை ஒன்றும் செய்யவில்லை. அந்த "ஷ்ஷ்"தான் செய்தது. சிரிக்கக்கூடாத ஏதோ ஒன்று என்னிடம் இருக்கிறது என்று ஓர் அந்நியப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தேன். கடைக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் நீட்டிய வலது கை இன்னும் அப்படியே இருந்தது.

தங்கை உள்ளே வந்து என் பின்னால் நின்றாள். தன் உள்ளங்கையை என் வலது காதின் மேல் இறுக்கி வைத்தாள். கடை அணைந்துபோன மாதிரி இருந்தது. குளிரூட்டியின் இரைச்சல், வெளியே ஓடிய பாட்டு, எல்லாம் எங்கோ போர்வைக்கு அடியில் போய்விட்டன. திரும்பிப் பார்த்தேன். அவள் வாய் என் இடது காதுக்குப் பக்கத்தில் அசைந்துகொண்டிருந்தது.

கையை எடுத்தாள்.

"என்ன சொன்ன?" என்றேன்.

"கேக்குதான்னு கேட்டேன். கத்தித்தான் கேட்டேன்க்கா."

கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. தங்கை கேட்டிருப்பாள். அவர் பெட்டிகளைத் தானே கட்டி, வண்டி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து ஏற்றிவிட்டார். அவ்வளவு நல்ல மனிதராக அவர் இல்லாமல் இருந்திருக்கலாம்.

நான்தான் காரை ஓட்டினேன். நம் நாட்டில் ஓட்டுபவருக்கு இடது பக்கத்தில்தான் மற்றவர் உட்கார வேண்டும். காரில் நான் பேச மாட்டேன், ரோட்டில் மட்டுமே கவனமாக இருப்பேன் என்று குடும்பத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. மாமியார்கூட மெச்சியிருக்கிறார். டத்தோ கெராமாட் சாலையில் வந்துகொண்டிருக்கும்போது தங்கையின் முகம் என் பக்கம் திரும்பியிருப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. பேசுகிறாளா, சும்மா பார்க்கிறாளா என்று தெரியவில்லை. ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, உடம்பையே அவள் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"ஏதாச்சும் சொன்னியா?"

"ஸ்கூல் பஸ்ல நான் எந்தப் பக்கம் உக்காருவேன், ஞாபகம் இருக்கா?"

ஜன்னலோரம் அவளுக்குத்தான். அழுது அடம்பிடித்து வாங்கிய இடம் அது. இடது பக்க ஜன்னல். எனக்கு இடது பக்கம்.

"நான் ரெண்டாம் ஆண்டு, நீ ஆறாம் ஆண்டு," என்றாள். "டாய்லட்டுக்குப் போனா பெரிய பிள்ளைங்க வெளியேர்ந்து கதவ சாத்திப் பிடிச்சுக்குவாங்க. ரெஸ்ட் டைம்ல என்கூட வாக்கான்னு உன்கிட்ட பஸ்ல சொன்னேன். நீ தலைய ஆட்டுன."

"நான் தலைய ஆட்டுனேனா?"

"ஆட்டுனக்கா. அதனாலதான் டாய்லட்டுக்கு வெளிய பைப்புகிட்ட வந்து நின்னுக்கிட்டு இருப்பேன். நீ வருவ, உன் கூட்டாளிங்களோட. எனக்குக் கைய காட்டிட்டு கேண்டீனுக்குப் போயிருவ. மறுநாளும் சொல்லுவேன். மறுநாளும் தலைய ஆட்டுவ."

அவள் வாய் அசைவதைப் பார்த்து, ஏதோ சொல்கிறாள் என்று தலையை ஆட்டியிருப்பேன். அந்தத் தண்ணீர்க் குழாயும் அதன் பக்கத்தில் நீலப் பினஃபோர்ச் சீருடையில் நிற்கும் அவளும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. கையாட்டியதும் ஞாபகம் இருக்கிறது. தங்கைக்கு எல்லோர் முன்னாலும் கையாட்டும் நல்ல அக்கா என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டதுகூட ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த வருடம் அவள் அடிக்கடி பினஃபோரை நனைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா அடித்தார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, உறவுக்காரப் பிள்ளைகள் முன்னால் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தேன். அது அவள் இடைநிலைப்பள்ளிக்குப் போகிற வரைக்கும் வீட்டில் இருந்தது.

"அப்புறம் ஏன் என்னைக் கேக்கல? வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாமே?"

"கேட்டு என்ன? உனக்கு நான் ஒரு ஆளே இல்லன்னு நெனச்சுட்டேன்."

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பால் விலை சொல்கிற மாதிரி சொன்னாள். நினைத்து, பழகி, அதோடு வாழ்ந்து முடித்த ஒன்று அவளுக்கு அது. பின்னால் பெட்ரோல் ஊற்ற வந்தவன் ஹார்ன் அடித்தான். அதுவும் எனக்கு வலது பக்கத்திலிருந்துதான் வந்தது.

மருத்துவமனையில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்துச் சோதித்தார்கள். வலது காது நன்றாக இருந்தது. இடதில் அநேகமாக ஒன்றுமில்லை. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா என்று டாக்டர் கேட்டார். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே வந்தது; இரண்டு கன்னமும் வீங்கி, அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார். அதில் போயிருக்கலாம் என்றார் டாக்டர். ஒரு காதோடு வளர்கிற பிள்ளைகளுக்கு இன்னொன்று இல்லை என்பது தெரியாது, பலர் பெரியவர்களான பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள் என்றும் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ. இடது பக்கத்துச் சத்தத்தை வாங்கி வலது காதுக்கு அனுப்பும் கருவி ஒன்று இருக்கிறதாம். யோசிக்கிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போக இன்னும் மனம் வரவில்லை.

கணவரிடம் சொன்னபோது அவர் அதிகம் ஆச்சரியப்படவில்லை. "நீ கவனிக்காத மாதிரி இருப்பியே, அதுக்கு இதுதானா காரணம்," என்றார். தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "நான்கூட கோச்சுக்கிட்டு இருந்திருக்கேன், பல தடவ," என்றார். அலுவலகத்தில் எனக்கு இடது மேசையில் இருக்கும் பெண் என்னிடம் பேசுவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். அவளுக்குக் கர்வம் என்று நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அவள் என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருப்பாள் என்று இப்போது தெரிகிறது.

விளையாட்டு நண்பர்களிடம் முதலில் பொய்தான் சொன்னேன், ஸ்பீக்கர் சரியில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று. பிறகு ஒருநாள் ஈப்போ தம்பி வழக்கம்போல, "காது கேக்கலயாக்கா?" என்று கத்தியபோது, "ஆமாம்லா தம்பி, இடது காது கேக்காது," என்று சொல்லிவிட்டேன். மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். திரையில் எங்கள் நான்கு வீரர்களும் வெட்டவெளியில் சும்மா நின்றார்கள். எதிரிகள் வந்து எங்களை வரிசையாகச் சுட்டுத் தள்ளினார்கள். தம்பி "சாரிக்கா, சாரிக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தவில்லை.

ஸ்பீக்கர் செட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தங்கைதான் அடுத்த வாரம் வந்து மறுபடியும் மாட்டிவிட்டாள். பின்பக்க ஸ்பீக்கர்கள் எனக்கு எதற்கு என்று கேட்டேன். அத்தான் பந்து பார்க்கட்டும் என்றாள். அவள் மாட்டிக்கொண்டிருந்தபோது நான் அந்தப் பழைய விஷயத்தை மறுபடி எடுத்தேன். எத்தனை நாள் அந்தப் பைப்புப் பக்கம் நின்றாய், அந்தப் பெரிய பிள்ளைகள் யார் யார், அந்தப் பட்டப்பெயரை யார் யாருக்கு முன்னால் சொன்னேன் என்று கேட்டேன். அவள் ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்தாள்.

"போதும்க்கா. தெரிஞ்ச நாள்லேர்ந்து இதையே கேட்டுக்கிட்டு இருக்க. நான் வாயத் தொறந்தாலே உன் மூஞ்சி அப்படி ஆயிருது. முன்னாடி உனக்குக் கேக்காது. இப்ப நீ கேக்கறதப் பாத்தா எனக்குப் பேசவே பயமா இருக்கு."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். தேநீர் போட்டுக்கொண்டு வந்து, என் வலது காது அவள் பக்கம் இருக்கும்படி, அவளுக்கு இடது பக்கமாகத் தரையில் உட்கார்ந்தேன். வயரைச் சீவிக்கொண்டே அவள் தன் கடைக் கதையைச் சொல்லத் தொடங்கினாள். தீபாவளிக்கென்று இந்தியாவிலிருந்து வரவழைத்த சேலைக் கட்டில் பாதிக்கு மேல் ஒரே நிறமாம். யார் ஆர்டர் எழுதியது என்று முதலாளி குதித்திருக்கிறார். தேடிப் பார்த்தால் அவரே எழுதியது.

"அப்புறம் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"என்ன சொல்லுவாரு? இந்த வருஷம் பச்சைதான் ஃபேஷன்னுட்டாரு," என்றாள்.