குலசிங்கங்களைத் தேடிய செல்லையா

ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துத் தபால்பெட்டியில் இரண்டு பெயர்கள் ஒட்டியிருக்கின்றன: செல்லையா, இராஜரட்ணம். புதிதாக வரும் தபால்காரர்கள் நாங்கள் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருக்கிறோம் என்றுதான் நினைப்பார்கள். செல்லையா என்பது என் மாமனார். யாழ்ப்பாணத்தில் சுன்னாகச் சந்தையைத் தாண்டி அதிகம் போகாமலே கண்ணை மூடியவர். என் மனிதர் கனடாவில் வந்து இறங்கியபோது குடும்பப்பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். தகப்பன் பெயரைக் கொடுத்தார். ஆகவே அவர் இராஜரட்ணம் செல்லையா. அவரைக் கட்டிய நான் தவமணி இராஜரட்ணம். மகளும் துர்க்கா இராஜரட்ணம். எங்கள் ஆட்களிடம் தகப்பன் பெயர் பிள்ளையோடு வரும், பேரப்பிள்ளைக்கு அது போய்விடும். இதை வெள்ளைக்காரருக்கு விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தி எனக்கு வாய் உளைந்துவிட்டது.

இவர் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பென்சன் எடுத்த ஆண்கள் ஷொப்பிங் மோலில் குந்தியிருந்து கோப்பி குடிப்பார்கள், அரசியல் பேசி ஆளையாள் முறைத்துக்கொள்வார்கள். இவருக்கு அதெல்லாம் இல்லை. இவருடைய முழுநேர வேலை குலசிங்கங்களைத் தேடுவது.

குலசிங்கம் இவருடைய அண்ணன். எண்பத்து நாலில் ஜேர்மனிக்குப் போனவர். அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துக் கலியாணம் செய்தார். ஊரில் யாரும் அந்தப் பெண்ணைக் கண்டதில்லை, அண்ணன் அவரை ராணி என்று கூப்பிடுவார் என்பதற்குமேல் எவருக்கும் ஒன்றும் தெரியாது. ஒருநாள் அண்ணன் தொலைபேசி எடுத்தார். "ராசன், பெட்டைப்பிள்ளை பிறந்திருக்கு. முப்பத்தோராம் நாள் பேர் வைக்கப்போறம், அண்டைக்கு எடுக்கிறன்." இவரை ராசன் என்று கூப்பிட்டது வீட்டில் அண்ணன் ஒருவர்தான். அந்த முப்பத்தோராம் நாளுக்கு முன்னமே பனி வழுக்கிய ஒரு வீதியில் அண்ணன் போய்விட்டார்.

இவர் அப்போது பார்க்டேலில், ஓர் அறையில் ஆறு பேரோடு, அகதி வழக்கு முடியாமல் இருந்தார். கனடாவை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. அதனால் சொந்த அண்ணனின் செத்தவீட்டுக்குப் போகவில்லை. வழக்கு முடிந்து, விசாரித்துக்கொண்டு அண்ணன் இருந்த நகரத்துக்குத் தொலைபேசி எடுத்தபோது, "குலசிங்கத்தின்ரை மனுசி பிள்ளையையும் கொண்டு கனடாவுக்குப் போட்டா" என்று யாரோ சொன்னார்கள். கனடாவில் எங்கே என்று சொல்ல ஆள் இல்லை. ஊரில் கேட்கலாம் என்றால், ஊரே இடம்பெயர்ந்து கிடந்தது.

பிள்ளை கனடாவில்தான் இருக்கிறது. பெயர் தெரியாது. ஆனால் குலசிங்கம் என்ற பெயர் அதனோடு கட்டாயம் இருக்கும். இவ்வளவுதான் இவருடைய கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

"அந்தப் பெட்டை மணவறையிலை இருக்கேக்கை தகப்பன்ரை இடம் வெறுமையாக் கிடக்கக்கூடாது தவம். நான் நிண்டு தாரை வாக்கவேணும்" என்பார். செத்தவீட்டுக்குப் போகாத மனிதருக்குக் கலியாணவீட்டிலாவது நிற்க வேண்டும் என்ற தவிப்பு. தாரை வார்க்கும்போது மனைவிதான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கென்று நானும் ஒரு பட்டுச்சேலை வாங்கிப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். இவருக்கு அதை நான் சொல்லவில்லை.

தேடுகிற முறையைக் கேட்டால் சிரிப்பீர்கள். வானொலியில் மரண அறிவித்தல் போகும்போது எங்கள் வீட்டில் மிக்ஸி போடக்கூடாது. குலசிங்கம் என்ற பெயர் வந்தால் அன்று மாலையே கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு செத்தவீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஒருமுறை பிரம்ரனில் கண்ணும் கலங்கி நின்ற இவரைத் தூரத்துச் சொந்தம் என்று நினைத்து முதல் வரிசையில் கொண்டுபோய் இருத்திவிட்டார்கள். மனிதர் எழும்பவும் வெட்கப்பட்டுக் கடைசிவரை இருந்து, தேவாரமும் பாடிவிட்டு வந்தார். கலியாண மண்டபங்களில் மணமகளின் பெயரை வாசலில் வாசித்துவிட்டு, அழைப்பில்லாமல் உள்ளே போயிருக்கிறார். "சாப்பிட்டீங்களோ?" என்று நான் கேட்பேன். "உமக்கு எல்லாம் பகிடி" என்பார். சாப்பிட்டிருப்பார்.

இப்படியே போய் ரொறன்ரோவில் எந்தக் குலசிங்கம் புங்குடுதீவு, எது கரவெட்டி, எது மட்டக்களப்பு என்று எல்லாம் இவருக்கு அத்துப்படி. ஒருவருக்கு மற்றவர் எந்த வகையிலும் சொந்தமில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குலசிங்கம் தகப்பனாக இருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

எங்களுக்குப் பிரஷர் குளிசை எடுப்பது வோபர்னில் உள்ள ஒரு தமிழ் ஃபார்மசியில். சில வருஷங்களுக்கு முன் அங்கே நிரூபா என்று ஒரு புது ஃபார்மசிஸ்ட் வந்தாள். மொன்றியலில் வளர்ந்த பிள்ளை, சிரித்த முகம். இவர் முதல்முறை பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நானும் செல்லையாதான் அங்கிள். உங்கடை செல்லையா எந்த இடம்? சிலவேளை நாங்கள் ரிலேட்டட்டோ?"

இவருக்கு அந்த விஷயத்தில் யாரும் பாடம் எடுக்கக்கூடாது. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "பிள்ளை, எங்கடை ஆக்களிட்டை லாஸ்ட் நேம் ஒண்டெண்டால் அதிலை ஒண்டுமில்லை. செல்லையா எண்டு ஒழுங்கைக்கு ரெண்டு பேர் இருந்தவை. அப்பிடிப் பாத்தால் யாழ்ப்பாணம் முழுக்கச் சொந்தம்தான். உதை வைச்சுக்கொண்டு நீர் ஆரையும் தேடக்கூடாது."

"ஓ, ஓக்கே அங்கிள்" என்று அவள் குளிசைப் பையை நீட்டினாள். நான் இவரை இழுத்துக்கொண்டு வந்தேன், பின்னால் சனம் நின்றது. அதன் பிறகு மாதாமாதம் போவோம். "செல்லையா அங்கிள், பிரஷர் எப்பிடி?" என்று கேட்பாள். சொந்தம் பற்றிக் கேட்டதேயில்லை.

போன வைகாசியில் இவருக்கு ஒரு புது யோசனை வந்தது. இவ்வளவு குலசிங்கங்களையும் தனித்தனியே கண்டது போதும், எல்லாரையும் ஓரிடத்தில் கூப்பிட்டால் ஒருவருக்குத் தெரியாதது மற்றவருக்குத் தெரியும் என்றார். எங்கள் கட்டடத்துப் பார்ட்டி அறையை எடுத்தார். றோல்ஸ் சுட்டது யார் என்று கேட்காதீர்கள். சொந்தமில்லாத ஒரு கூட்டம் தங்களுக்குள் சொந்தமில்லை என்று பேசிக்கொள்ள நான் விடியற்காலையிலிருந்து உருளைக்கிழங்கு அவித்தேன்.

ஆனால் வந்தார்கள். வாசலில் ஒருவரையொருவர் "நீங்களும் குலசிங்கமோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பிள்ளைகள் கூடி ஒரு படமும் எடுத்தார்கள். இவர் எழுந்து அண்ணனின் கதையைச் சொன்னார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள், எவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு இவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. றோல்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தேன்.

அப்போது லெஸ்லி என்ற ஒருவர் இவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார். நாற்பது வயதிருக்கும். லெஸ்லி குலசிங்கம், வீடுகளுக்கு மின்சார வேலை செய்கிறவர்.

"அங்கிள், நானும் ஜேர்மனியிலை பிறந்தனான். உங்கடை அண்ணற்ரை பிள்ளையும் அங்கைதானே பிறந்தது?"

"ஓம்."

"அப்ப அந்தப் பிள்ளை குலசிங்கமா இருக்காதே. அங்கை தகப்பன்ரை பேரைப் போடுறேல்லை, தகப்பன்ரை லாஸ்ட் நேமைத்தான் பிள்ளைக்கும் போடுறவை. நான் பிறக்கேக்கை என்ரை லாஸ்ட் நேம் சவரிமுத்து, அது என்ரை அப்பப்பா. இஞ்ச வந்தாப் பிறகு அப்பா காசைக் கட்டி, எங்கடை முறைப்படி குலசிங்கம் எண்டு மாத்தினவர். எல்லாரும் மாத்தினவையெண்டு இல்லை."

இவர் கையில் இருந்த றோல்ஸைத் தட்டில் வைத்தார்.

"அப்ப அண்ணற்ரை பிள்ளை..."

"உங்கடை அப்பான்ரை பேர்தான் அங்கிள். உங்கடை லாஸ்ட் நேம்தான்."

நான் அங்கேயே ஒரு கதிரையில் இருந்துவிட்டேன். கோபம் வந்தது, யாரில் என்று தெரியவில்லை. எத்தனை செத்தவீடு, எத்தனை கலியாணவீடு. இந்த மனிதர் தன் சொந்தப் பெயரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் வேறு பெயரைத் தேடியிருக்கிறார். நானும்தான் கூடவே ஆமா போட்டேன். பிறகு ஃபார்மசிப் பிள்ளையின் அந்தச் சிரித்த முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. இவரைப் பார்த்தேன். இவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார், முகத்தில் தெரிந்தது.

"அதிலை ஒண்டுமில்லை எண்டு சொன்னனான் தவம்" என்றார்.

"சும்மா இருங்கோ. செல்லையா ஆயிரம் பேர் இருக்கினம். நாளைக்குக் கேப்பம்" என்றேன். இரவு இரண்டு பேரும் நித்திரை கொள்ளவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. ஃபார்மசியில் எங்களுக்கு முன்னால் மூன்று பேர். இவர் ஷேவ் எடுத்து, அந்தக் கறுப்புக் கோட்டை விட்டு நீலச் சட்டை போட்டிருந்தார். எங்கள் முறை வந்தது.

"அங்கிள், உங்கடை குளிசை இன்னும் முடிஞ்சிருக்காதே" என்றாள் நிரூபா.

"குளிசைக்கு வரேல்லை பிள்ளை. உம்மடை செல்லையா ஆர், அப்பாவோ?"

"இல்லை, அது அப்பப்பா. நான் ஜேர்மனியிலை பிறந்தனான், அங்கை அப்பிடித்தான் பதிஞ்சவை. அம்மா பிறகு மாத்தேல்லை."

"அப்பா?"

"அப்பா நான் பிறந்து மூண்டாம் கிழமை அக்சிடென்ற்றிலை செத்திட்டார். குலசிங்கம்."

இவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எத்தனை வருஷம் என்ன சொல்ல வேண்டும் என்று குளியலறையில் சொல்லிப் பார்த்த மனிதர். கடைசியில் நான்தான் கேட்டேன்.

"அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தவரெண்டு அம்மா சொன்னவவோ?"

"ராசன் சித்தப்பா. கனடாவிலை எங்கயோ இருக்கிறார் எண்டு. முழுப்பேர் அம்மாவுக்குத் தெரியாது. செல்லையா எண்டு ஆர் வந்தாலும் கேள் எண்டு சொன்னவ. நான் எல்லாரையும் கேட்டனான் அன்ரி. அங்கிளையும் கேட்டனான்." அவள் இவரைப் பார்த்தாள். "நீங்கள்தான் அதிலை ஒண்டுமில்லை எண்டு சொன்னீங்கள். அதுக்குப் பிறகு நான் ஒருத்தரையும் கேக்கேல்லை."

இவருக்குக் கண்ணீர் வழிந்தது, துடைக்கவுமில்லை.

"பிள்ளை, இவரை அண்ணன் கூப்பிட்டது ராசன் எண்டு" என்றேன்.

அவள் கையில் இருந்த குளிசைப் போத்தலை மெல்லக் கீழே வைத்தாள். மேசைக்கு உள்ளே இருந்து வெளியே வருவதற்கு ஒரு சின்னக் கதவு உண்டு, அதன் கொளுவி அவளுக்கு உடனே அகப்படவில்லை. வந்து இவருக்கு முன்னால் நின்றாள். கட்டிப்பிடிக்கவா வேண்டாமா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவள் விரலில் ஒரு மோதிரத்தை அப்போதுதான் நான் கண்டேன்.

"எனக்கு ஆவணியிலை கலியாணம் அங்கிள்" என்றாள். பிறகு, "சித்தப்பா" என்றாள். "அப்பான்ரை இடத்திலை ஆரை விடுறதெண்டு அம்மா யோசிச்சுக்கொண்டிருக்கிறா."

இவர் தலையை மட்டும் ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். எனக்குப் பின்னால் நின்ற பையன் ஒருவன் என் தோளைத் தொட்டான்.

"அன்ரி, இன்னும் கனநேரம் எடுக்குமோ?"

"கொஞ்சம் பொறும் தம்பி" என்றேன். "நாங்கள் முப்பது வருஷமாய் லைனிலை நிக்கிறம்."