மியூசியத்துக்குப் போன அன்னம்

கொடைக்கானல் ஏரியில் ஓடும் மிதிபடகுகளுக்குப் பெயின்ட் அடிப்பதும், உடைந்தால் ஒட்டுவதும் என் வேலை. அன்னம் போல் கழுத்து நீண்ட பழைய படகு ஒன்று எங்கள் ஷெட்டில் கிடந்தது. தேனிலவுக்கு வந்த ஜோடிகள் அந்தக் கழுத்தைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்தே மூன்று முறை முறித்துவிட்டார்கள். மூன்று முறையும் நான்தான் ஒட்டினேன். அன்றன்றைக்குக் கையில் இருந்த பெயின்டைப் பூசியதில் கழுத்தில் மஞ்சள், பச்சை, நீலம் என்று மூன்று பட்டைகள் விழுந்தன. கடைசியாக ஒட்டியபோது ஏதோ ஒரு குஷியில் கண்ணுக்கு நீள நீளமாக இமைமயிரும் வரைந்தேன்.

ஒரு மழை நாளில் ஷெட்டுக்குள் ஒதுங்கிய ஒரு அம்மாள் படகையே பார்த்துக்கொண்டு நின்றார். சென்னையில் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கை எடுத்து, இந்தக் காலத்துக் கலைக்கென்று மியூசியம் ஆக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். திறப்பு விழாவுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்ததாம்.

"இதை எங்க மியூசியத்துக்குக் குடுப்பீங்களா?"

"கழுத்து மூணு எடத்துல ஒட்டுப் போட்டதுங்கம்மா."

"அதனாலதான் கேக்கறேன்."

எங்கள் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "வெரசாக் கொண்டுபோகச் சொல்லுப்பா, எடமாவது மிஞ்சும்" என்றார்.

மிஷன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் என் மனைவி நம்பவே இல்லை. "மியூசியத்துல ராசா வாளு, செப்புச் சிலை எல்லாம்தான வைப்பாங்க? உங்க ஒட்டுக் கழுத்த எவன் பாக்கப்போறான்?" என்றாள். ஆனால் கூட வருகிறாயா என்று கேட்டதும் புதுச் சேலையை எடுத்து வைத்துவிட்டாள்.

கேரட் ஏற்றும் லாரியில் படகைக் கட்டி வெள்ளனே கிளம்பினோம். தார்ப்பாய்க்கு மேலே அன்னத்தின் தலை மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் அது எட்டிப் பள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது போல இருந்தது. எதிரே வந்த பஸ்ஸில் ஜன்னலுக்கு ஜன்னல் கைகள் நீண்டு டாட்டா காட்டின. முதல் நாலு வளைவுக்குள்ளேயே என் மனைவிக்குத் தலை கிறுகிறுத்தது. அதோடு சிரிப்பும் சேர்ந்துகொள்ள, "ஏங்க, வண்டிய நிப்பாட்டச் சொல்லுங்க, சிரிச்சே வாந்தி வந்துரும்" என்றாள். வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்தினோம். அதற்குள் ஒரு கூட்டம் கூடி அன்னத்தோடு செல்ஃபி எடுத்தது.

மறுநாள் காலை மியூசியத்தில் படகை இறக்கினோம். வாசலில் நுழையவில்லை. நேராக வைத்தால் உடம்பு இடித்தது, சாய்த்தால் கழுத்து இடித்தது. எட்டுப் பேர் முன்னும் பின்னுமாக இழுத்து வியர்த்துப் போனார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

"அம்மா, கழுத்த அறுத்துட்டு உள்ள போய் ஒட்டித் தாரேன். ஒரு மணி நேரச் சோலிதான்" என்றேன்.

அந்த அம்மாள் அன்னத்தின் இமைமயிரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டு, "சுவரை இடிங்க" என்றார்.

என் மனைவி என் கையைக் கிள்ளினாள். எங்கள் வீட்டுச் சமையற்கட்டில் அலமாரிக்கு இடம் பண்ண ஒரு செங்கல்லை எடுக்க நான் ஒரு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். இங்கே நான் ஒட்டிய கழுத்துக்காகச் சுவரே போகிறது! முதல் கல் விழுந்ததும் எட்டுப் பேரும் விசிலடித்தார்கள். புழுதிக்குள் நின்று நானும் விசிலடித்தேன். மத்தியானத்துக்குள் அன்னம் தலை நிமிர்ந்தபடி உள்ளே போயிற்று.

திறப்பு விழாவுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அன்று படகுக்குப் பக்கத்தில் சின்ன அட்டை வைத்திருந்தார்கள். கலைஞர் என்று போட்டு என் பெயர், அதன் கீழே 'தலைப்பு இல்லை' என்று இருந்தது. இன்னொரு அட்டை, தொடக் கூடாது என்றது. என் மனைவி இரண்டையும் படித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் படகில் ஏறி உட்கார்ந்து பெடலை மிதிக்கத் தொடங்கினாள். காவலாளி ஓடி வந்தார்.

"அம்மா, எறங்குங்க! தொடவே கூடாதுன்னு போட்டிருக்கு!"

"இவரு ஒட்டுன படகுங்க இது. ஓடுதான்னு பாக்க வேணாமா?"

பெடல் கடகடவென்று சுழன்றது. சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. பட்டுச் சேலை கட்டிய அந்த அம்மாளும் வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். இரண்டு பேரும் அசையாத படகில் மூச்சு வாங்க மிதித்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, சிரித்ததாலா வேறெதனாலா என்று தெரியவில்லை. சாயங்காலம் அந்தத் 'தொடக் கூடாது' அட்டையை எடுத்துவிட்டார்கள்.

இடித்த இடத்தை அவர்கள் அடைக்கவில்லை. பெரிய இரும்புக் கதவு போட்டார்கள். அதன் வழியாகத் தகர யானையும் முழு ஆட்டோவும் உள்ளே போனதாகச் சொல்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை செயினுக்கு எண்ணெய் போட என்னைக் கூப்பிடுகிறார்கள். பிள்ளைகள் மிதித்து மிதித்துப் பெடல் தேய்ந்துபோகிறது. போன தடவை புதுப் பெடல் மாட்டிக்கொண்டிருந்தபோது, வரிசையில் நின்ற ஒரு சிறுமி, "அங்கிள், சீக்கிரம்" என்றாள். வெரசாக முடித்துவிட்டு நகர்ந்து கொடுத்தேன்.