வெள்ளைச் செடியில் ஒரு சிவப்புக் கிளை

பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரி திடீரென்று விதை கொடுத்தால் நம்புவீர்களா? நான் நம்பவில்லை.

பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியை விட்டுப் போன மறுவருஷம். பாகூரில் அப்பா கல்லறையில் வெள்ளை அந்திமந்தாரை பூக்க வேண்டுமென்று அம்மாவுக்கு ஆசை. எங்களோடு வேலிச் சண்டை போட்ட செசிலி அக்கா, தன் வெள்ளைச் செடியின் விதையைத் தந்தாள். கல்லறையில் விதைத்தேன். கல்லறைத் திருநாள் சாயங்காலம் முதல் பூ விரிந்தது. சிவப்பு!

நேராக அவள் வாசலில் போய்க் கத்தினேன். "இன்னாக்கா, செத்தவர்கிட்டயுமா வஞ்சம்?"

"வாய மூடுடா, காலேஜு! இங்க வந்து பாரு."

அவளுடைய வெள்ளைச் செடியில் ஒரே ஒரு கிளை சிவப்பாகப் பூத்திருந்தது.

"எனக்கே இன்னைக்குத்தான்டா தெரியும். மீதி வெள்ளைய உங்கப்பாவுக்குப் பறிச்சிக்கினு போ."

பறிக்கும்போதும் அந்தக் கிளை ஒட்டவைத்ததா என்று இழுத்துப் பார்த்தேன்.

இப்போது கல்லறையில் அந்தச் சிவப்புச் செடிக்கு அம்மா தண்ணீர் ஊற்றுகிறாள். குடம் செசிலி அக்காவுடையது.