சின்னப்பாப்பா அடித்த வெள்ளை

எங்கள் தெருவில் நுழைந்தால் முதலில் பக்கத்து மீனவர் குப்பமான குருசுக்குப்பத்தின் மீன்வாடை வரும், அப்புறம் பெயிண்டில் கலக்கும் டர்பன்டைன் வாடை, அப்புறம் ஏழாம் நம்பர் வீட்டில் சின்னப்பாப்பா அக்கா வறுக்கும் கருவாடு. முப்பத்தொரு வருஷமாக அந்த வீட்டில் சமைப்பது, பெருக்குவது, வாடகைக்குத் தங்கியிருப்பவர்களைத் திட்டுவது எல்லாம் அவர்தான். மில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவர். அப்பாவுக்கு மில் வேலை போனதும் இங்கே சமையலுக்கு வந்தார், அப்படியே பின்கட்டு அறையில் தங்கிவிட்டார்.

தங்கியிருந்தவர்கள் சாதாரண ஆட்களா? படம் வரைகிறவன், நாடகம் போடுகிறவன், பிரெஞ்சில் கவிதை எழுதிவிட்டு யாரும் படிக்கவில்லை என்று புலம்புகிறவன், கித்தார் வாசித்துத் தெருவையே படுத்துகிறவள். ஒருத்தருக்கும் நேரத்துக்குச் சாப்பிடத் தெரியாது. பதினொரு மணிக்கு எழுந்து காபி கேட்டால், இது என்ன ஆஸ்பத்திரியா என்று அக்கா கத்துவார். கத்திக்கொண்டே காபியும் கொண்டுவந்து வைப்பார்.

பின்கட்டுச் சுவர் முழுக்க அவர்கள் வரைந்த படங்கள்தான். ஆடு, கப்பல், மழையில் நனையும் போலீஸ்காரர், மூக்குத்தி போட்ட அக்காவின் மூக்கு மட்டும் தனியாக ஒன்று.

போன வருஷம் வீட்டுச் சொந்தக்காரர் மாக்சிம் பாரிசிலிருந்து போன் செய்தார். வீட்டை இடித்து லாட்ஜ் கட்டப்போகும் ஒருவருக்கு விற்றுவிடலாம் என்றிருக்கிறாராம். கெட்டவர் இல்லை. வயது எழுபத்திரண்டு, கூரை ஒழுகுவதை அங்கிருந்து அவர் எத்தனை நாள் பார்ப்பார்? பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் ஏறினால் இடிக்க முடியாது, அப்படி ஏறிவிட்டால் விற்கவில்லை, சின்னப்பாப்பா பழையபடி இருந்துகொள்ளட்டும் என்று அவரே சொன்னார். ஏறாவிட்டால் அக்காவுக்குத் தட்டாஞ்சாவடியில் தம்பி வீடுதான் கதி. ஒரே அறை, ஏற்கெனவே ஐந்து பேர். அந்த மாதம் அக்கா யாரையும் திட்டவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான்தான் மனு எழுதினேன். மனு என்றால் வெற்றிச்செல்வன் என்று இந்த வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தத் திமிரும் உண்டு. தூணும் வளைவும் பக்கத்துத் தெருவில் இதைவிட நன்றாகவே இருக்கின்றன, அதைக் காட்டினால் வேலைக்காகாது. அதனால் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தெருவில் யார் யார் வந்து வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்தச் சுவர்தான் சாட்சி என்று மூன்று பக்கம் விளாசினேன். போனில் எடுத்த படங்கள் மங்கலாக விழுந்தன. நேரில்தான் பார்க்கப்போகிறார்களே என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை பாரம்பரியக் கட்டடக் குழு பார்வையிட வருகிறது என்று அக்காவிடம் சொன்னேன். எதைப் பார்க்க வருகிறது என்று சொல்லவில்லை. அறிவுகெட்டவன்.

மில் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் முந்தின நாளே எல்லா வீட்டுக்கும் வெள்ளையடித்துவிட வேண்டும். அடிக்காத வீட்டுக்காரன் பெயர் நோட்டில் ஏறும். அக்கா அதைப் பார்த்து வளர்ந்தவர்.

திங்கட்கிழமை காலை குழுவை அழைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். சுவர் பளீரென்று இருந்தது. ஒரு கோடுகூட இல்லை. அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு, விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பில் வெந்துபோய் நின்றார்.

"நேத்து பூரா நானே அடிச்சேன் வெற்றி. மனசே இல்ல. இந்தக் கிறுக்கலப் பாத்தா வூட்ட அழுக்கா வச்சிருக்கான்னு எழுதிடுவாங்கல்ல?"

யாரைத் திட்டுவது? ஊருக்கெல்லாம் மனு எழுதிவிட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாத என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். அவர்கள் பார்க்க வந்ததே இந்தச் சுவரைத்தான் என்று மெதுவாகச் சொன்னேன். அக்கா துவைக்கும் கல்லில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

குழுவுக்குத் தலைவர் ஈனெஸ் என்ற அம்மா. பழைய வீடுகளைப் பழுது பார்த்துத் தருபவர், சிரிக்காத முகம். சுவரில் என்னதான் இருந்தது என்று என்னிடம் கேட்டார். மூன்று பக்கம் எழுதிய எனக்கு ஆட்டையும் கப்பலையும் தாண்டி ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சுவரை ஒட்டியே நடந்தார்.

"இங்க ஆடு. தொமினிக்கு வரைஞ்சது, காச்சல்ல கெடந்து எழுந்து ஊருக்குக் கெளம்புன அன்னிக்கு. ஆட்டுக்கு மனுசக் கண்ணு வச்சான், கிறுக்கன்."

அப்படியே இருபத்தொன்பது படம் சொன்னார். யார் வரைந்தது, எந்த வருஷம், அந்த ஆளுக்கு எந்தக் குழம்பு பிடிக்காது, இங்கிருந்து எந்த ஊருக்குப் போனார், எல்லாம். ஈனெஸ் நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. ஆட்டின் கண் எங்கே என்று மட்டும் கேட்டார். அக்கா விரல் வைத்துக் காட்டினார். ஈனெஸ் கைக்குட்டையை வாளியில் நனைத்து அந்த இடத்தில் தேய்த்தார். சுண்ணாம்பு பாலாக வழிந்தது. மனிதக் கண் ஒன்று வெளியே வந்தது.

எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. எண்ணெய்ப் பெயிண்ட் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, அதுவும் ஒரே நாள் சுண்ணாம்பு என்று ஈனெஸ் விளக்கினார். முக்கால்வாசிப் பேர் குப்பத்தில் படகுக்கு அடித்து மீந்த பெயிண்ட்டைத்தான் வாங்கி வந்து வரைந்தார்கள் என்றார் அக்கா. பிறகென்ன, சாக்கும் தேங்காய் நாருமாக அதிகாரிகள் உட்பட ஆறு பேர் மதியம் வரை தேய்த்தோம். அக்கா சொன்ன இடத்தில் சொன்ன படம் இருந்தது. கரியில் வரைந்த மூன்று மட்டும் போயே போய்விட்டன. அதற்காக அக்கா அழுதார். அவர் சொன்னதை ஈனெஸ் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்துப் பட்டியல் வந்தது, ஏழாம் நம்பரும் அதில் இருந்தது. நான் ஓடிப்போய்ச் சொன்னபோது அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். அப்படியென்றால் இடிக்க மாட்டார்களா என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் மாட்டார்கள் என்றேன். அப்பாடா என்று மீன் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டார். அன்று சாயங்காலமே, அறையை விட்டு வெளியே வராத நாடகக்காரனுக்குத் திட்டு செமத்தியாக விழுந்தது. தெருவுக்கே நிம்மதி.

போன வாரம் ஈனெஸ் வந்திருந்தார். புதுப் பெயிண்ட் டப்பாவும் தூரிகையும் கொண்டுவந்து, இத்தனை வருஷம் இருந்தவர் சுவரில் ஒன்றுகூட வரையவில்லையே, இப்போது வரையுங்கள் என்றார். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தூரிகையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"அது வூட்ட காலி பண்றவங்க போற அன்னிக்கு வரையிறதும்மா. நான் எங்க போறேன்?"