குடல்வால் என்று பெயர் வைத்த ஆபரேஷன்

தையல் ஆலையில் அவளுக்குக் கழுகு என்று பெயர். தைத்து முடித்த சட்டைகளை மேசையில் விரித்துப் பிசிறும் கறையும் தேடுவது அவள் வேலை. பதினெட்டு வருடத்தில் அவள் கண்ணுக்குத் தப்பியவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

முப்பத்தொன்பது வயதில் அவளுக்குக் கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார்கள். மாமியார் அதற்குக் குடல்வால் ஆபரேஷன் என்று பெயர் சூட்டினார். உண்மை வெளியே தெரிந்தால் குடும்ப மானம் கப்பலேறிவிடுமாம். வளர்ந்த மகள் இருக்கும் வீட்டில் இனி அந்தக் கர்ப்பப்பையை யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று எவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குள் மட்டும் கதை வேறு. அவள் குரல் உயர்ந்தால், "எல்லாம் நின்னுபோச்சுல்ல, அதான்." தலை வலித்தால் அதான். சாப்பாட்டில் உப்புக் கூடினாலும் அதான்.

ஐம்பது வயதில், விரித்த சட்டைகளின் இடப்பக்கத்தில் இருந்த கறைகள் அவளுக்குத் தப்பத் தொடங்கின. மூன்று கட்டு திரும்பி வந்தது. "கழுகுக்கு வயசாயிடுச்சு, மூட்டை கட்டப் போகட்டும்" என்று மேற்பார்வையாளர் சிரித்தார். மறுநாளே கணவரோடு கண் மருத்துவமனைக்குப் போனாள்.

க்ளாக்கோமா. இடக்கண் நரம்பு பாதிக்கு மேல் போயிருந்தது. போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டு மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. பிறகு பழைய ஃபைலைப் புரட்டினார். நான்கு வருடம் முன்பு படிக்கும் கண்ணாடிக்கு வந்தபோது கணவர் தன் முத்தான கையெழுத்தில் நிரப்பியது. அறுவை சிகிச்சை: குடல்வால்.

"மாதவிடாய் எந்த வயசுலம்மா நின்னுச்சு?"

"கண்ணுக்கும் அதுக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?" என்றார் கணவர். உப்புக்கும் அதுக்கும் சம்பந்தம் கண்ட மகான்.

"இருக்கலாம் சார். பெண்களுக்குச் சுரக்கிற ஹார்மோன் கண் நரம்புக்கு ஒரு காவல்னு சில ஆராய்ச்சிங்க சொல்லுது. அது சீக்கிரமே நின்னுட்டா இந்த நோய் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடும். இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்கே தெரிஞ்சிருந்தா, கண்ணாடியோட அனுப்பாம நரம்பையும் பார்த்திருப்போம்."

அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

வெளியே வந்ததும் கணவர் பொரிந்து தள்ளினார். "சொல்லாத சொல்லாதன்னு எத்தனை தடவை கண்ணைக் காட்டினேன்! பக்கத்துலதான உக்காந்திருந்தேன், பார்க்கலையா நீ?"

"எந்தப் பக்கம்?"

"இடது பக்..."

இருபத்தாறு வருடமாக அவர் கண்ஜாடைக்கு எழுந்து, உட்கார்ந்து, வாய் மூடியவள் அவள்.

"இனிமே எதுவா இருந்தாலும் வாயைத் தொறந்து சொல்லுங்க" என்றாள். "ஜாடையெல்லாம் எனக்குத் தெரியாது."